திருகோணமலை ஜீப்புக்கு எந்த இஞ்சின்?

போட்டிக்கு ஓடும் ஜீப்பின் பழைய இஞ்சினைக் கழற்றி வேறொன்றைப் பூட்டுவதென்றால், குதிரைவலுவைப் பார்ப்பதற்கு முன்னர் கியர் பொக்ஸையும் ஹாப் சாப்டையும் பார்க்க வேண்டும். பலமான இஞ்சின் வந்து சேர்ந்ததும் உடைவது பெரும்பாலும் இஞ்சின் அல்ல. அதற்குப் பின்னால் வரிசையாக நிற்கும் பாகங்களில் எது இளைத்ததோ அதுதான். ஆகவே தேர்வு பின்சில்லில் தொடங்கி முன்னோக்கி வர வேண்டும். கடையில் இஞ்சினைக் கண்டு ஆசைப்பட்டு அங்கிருந்து பின்னோக்கிப் போகிறவர்களே அதிகம், செலவும் அவர்களுக்கே அதிகம்.

இலங்கையில் இத்தகைய மாற்றத்துக்கு வரும் வண்டிகள் நான்கைந்து வகைதான்: சீரிஸ் லாண்ட் ரோவர், வில்லிஸ், மிற்சுபிஷி ஜீப், சுசுகியின் சின்ன ஜீப்கள், எப்போதாவது ஒரு பழைய லாண்ட் குரூசர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய சட்டத்தையும் பொடியையும் காப்பாற்றி உள்ளே இஞ்சினை மட்டும் மாற்றுவது விருப்பத்தைவிடத் தேவையாகவே இருந்தது. இறக்குமதி திறந்த பிறகும் விலையைப் பார்த்தால் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை.

எந்தப் போட்டி என்பது அடுத்த கேள்வி. தியத்தலாவை பொக்ஸ்ஹில், சாலியபுர கஜபா போன்ற சுப்பர் குரொஸ் ஓட்டங்கள் மண் தடத்தில் சுற்றுச் சுற்றாக நடப்பவை. அங்கே இஞ்சின் நீண்ட நேரம் உயர் சுற்றில் கத்திக்கொண்டே இருக்கும். மலேசியாவில் 1997இல் தொடங்கிய ரெயின்போரஸ்ட் சலஞ்ச் வகைப் போட்டி வேறு: சேறு, ஆறு, செங்குத்து மேடு, வின்ச் இழுவை. அங்கே ஒரு வண்டி ஒரு மணித்தியாலத்தில் சில நூறு மீட்டர் மட்டும் நகர்ந்தாலும் அது நல்ல ஓட்டமாக இருக்கலாம். முதலாவதற்கு ஏற்ற இஞ்சின் இரண்டாவதில் சூடேறி நிற்கும். இரண்டாவதற்கு ஏற்றது முதலாவதில் கடைசியாக வரும். இரண்டுக்கும் ஒரே இஞ்சின் என்று தேடுபவர் இரண்டிலும் பாதி வெற்றியோடு திருப்திப்பட வேண்டியிருக்கும்.

திருகோணமலையில் பயிற்சி எடுக்கும் வண்டிக்கு மண்ணே பாதி முடிவைச் சொல்லிவிடும். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்து வயல் களி மாரி தொடங்கியதும் டயர் வெட்டுகளில் அப்பிக்கொண்டு, டயரை வழுக்கும் உருளையாக்கிவிடும். அந்தச் சேற்றை உதறி எறியச் சில் வேகமாகச் சுழல வேண்டும்; ஆமை வேகத்தில் ஊர்ந்து மட்டும் களியைக் கடக்க முடியாது. நிலாவெளியிலிருந்து குச்சவெளி தாண்டிப் புல்மோட்டை வரை மணல். அங்கே பாரம்தான் எதிரி. முன்பக்கம் கனத்த வண்டி மூக்கால் உழும். சேருவில, ஹபரணைப் பாதைப் பக்கத்துப் பற்றைக் காடுகளில் கல்லும் வேரும். அங்கே நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கும் கீழே இறங்கினாலும் அணையாத இஞ்சின் வேண்டும்.

சில் வேகத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சீரிஸ் 3 லாண்ட் ரோவரில் இரண்டாம் கியர் 2.22, டிரான்ஸ்பரின் லோ 2.35, டிபரன்ஷல் 4.7. மூன்றையும் பெருக்கினால் சுமார் 24.5. டீசல் ஒன்று 4000 சுற்றில் மூச்சு முட்டி நிற்கும்போது சில் நிமிடத்துக்கு 163 முறை சுழலும்; சுற்றளவு இரண்டரை மீட்டருள்ள டயரில் அது மணிக்கு ஏறத்தாழ 24 கிலோமீட்டர். அதே கியரில் 6000 சுற்றுப் போகும் பெற்றோல் இஞ்சின் என்றால் 37 கிலோமீட்டர். களியில் இந்த வித்தியாசம் பெரிது. டீசல்காரர் மூன்றாம் கியருக்கு மாறியே அதை ஈடுசெய்யலாம், ஆனால் மாற்றும் அந்த நொடியில் வண்டி நின்றுவிடும். டீசலைத் தெரிவதானால், இரண்டாம் கியரில் புறப்பட்டு மூன்றாவதையும் இழுக்கும் அளவுக்கு அதற்குக் கீழ்ச்சுற்று முறுக்குவிசை இருக்கிறதா என்பதே கேள்வி.

முறுக்குவிசை கூடக்கூட நல்லதென்று நினைக்கவும் கூடாது. அதே லாண்ட் ரோவரின் முதலாம் கியர் 3.68. லோவில் போட்டால் மொத்தப் பெருக்கம் 40க்குச் சற்று மேல். கம்பனி பூட்டிய 2286 சிசி பெற்றோல் இஞ்சின் தருவது சுமார் 163 நியூட்டன் மீட்டர். சில்லுகளுக்குப் போய்ச் சேரும்போது அது உராய்வு இழப்பைக் கழிக்காமல் 6600. இதே வண்டியில் 250 நியூட்டன் மீட்டர் தரும் லொறி இஞ்சினைப் பூட்டினால் அந்த எண் 10,000ஐத் தாண்டும். நான்கு சில்லும் சமமாகப் பிடித்தால் பாரம் பகிரப்படும். போட்டியில் அப்படி நடப்பதில்லை: மூன்று சில் காற்றில் அல்லது சேற்றில், ஒன்று மட்டும் கல்லில் பிடிக்கும். டிபரன்ஷல் லொக் போட்டிருந்தால் அந்த அச்சுக்கு வரும் முறுக்கு முழுவதும் அந்த ஒரு ஹாப் சாப்டில்தான் விழும். பழைய ரோவர் பின்அச்சின் பத்துப் பல் சாப்ட் இதற்காகச் செய்யப்பட்டதல்ல.

இதைச் சரியாகச் செய்த ஒரு முன்மாதிரி உண்டு. 1980களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலிய இராணுவத்துக்காகக் கட்டப்பட்ட பெரென்ரி லாண்ட் ரோவர்களில் இசுசுவின் 3.9 லீற்றர் 4பிடி1 டீசல் பூட்டப்பட்டது. சாதாரண லொறி இஞ்சின்தான். ஆனால் அது தனியே வரவில்லை. வி8 இஞ்சினுக்கென்று செய்யப்பட்ட கனத்த கியர் பொக்ஸும், தடித்த சோல்ஸ்பரி பின்அச்சும் கூடவே வந்தன. இங்கே அந்த இஞ்சினை மட்டும் எல்ப் லொறியிலிருந்து இறக்கிச் சீரிஸ் வண்டியின் சொந்த கியர் பொக்ஸோடு இணைக்க முயல்கிறவர்கள் பாதிப் பாடத்தையே படித்திருக்கிறார்கள். தவிர, அதன் எடை 300 கிலோவுக்கு மேல். குச்சவெளி மணலில் முன்அச்சின் மேல் அதை வைத்து ஓட்டுவதை யோசித்துப் பாருங்கள்.

லாண்ட் ரோவர், வில்லிஸ், மிற்சுபிஷி மூன்றுக்கும் இலங்கையில் நடைமுறையில் மிஞ்சுவது இரண்டரை முதல் மூன்று லீற்றர் வரையான ஜப்பானிய டீசல்கள். இவற்றுள் நிசானின் டிடி27ஐ முதலில் வைக்கலாம். 2663 சிசி, நான்கு சிலிண்டர், வார்ப்பிரும்புத் தலை, புஷ்ரொட் அமைப்பு, டைமிங் பெல்ட் இல்லை, கியர்தான். டைமிங் மூடிக்குள் சேறு புகுந்து பெல்ட் ஒரு பல் நழுவினால் வால்வு பிஸ்டனில் மோதும். சேற்றுப் போட்டி ஓடுபவருக்கு அந்தக் கவலை இதில் கிடையாது. கரவான் வான்களிலும் ரெரானோவிலும் வந்தது என்பதால் பாகம் தேடி அலைய வேண்டியதில்லை. குறையும் உண்டு: சாவகாசமான இஞ்சின். சுற்று ஏறுவதில் அவசரம் காட்டாது. சுப்பர் குரொஸுக்கு இதை எடுக்க வேண்டாம்.

அடுத்தது இசுசு 4ஜேபி1, 2771 சிசி. எரிபொருளை நேராகப் பிஸ்டன் தலைக்குழியில் தெளிக்கும் வகை. முன்அறையில் எரியும் டீசல்களோடு ஒப்பிட்டால் குளிர்நீருக்குள் குறைவான வெப்பத்தையே தள்ளும். கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணியில், வின்ச் இழுவையில் வண்டி நகராமல் நிற்கும்போது இந்த வேறுபாடு வெப்பமானியில் தெரியும். சத்தம் கூடுதல்தான், போட்டி வண்டியில் அதைப்பற்றி யாரும் முறையிடுவதில்லை. இதில் கவனிக்க வேண்டியது, எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து டைமிங் பெல்ட்டாகவும் இருக்கலாம், கியராகவும் இருக்கலாம் என்பது. முன்மூடியைப் பார்த்துக் கேட்டு வாங்க வேண்டும். சீனத்தில் செய்த பிரதிகளும் சிறு லொறிகளோடு நாட்டுக்குள் வந்திருப்பதால் மூல இஞ்சினா பிரதியா என்பதையும் விசாரிப்பது நல்லது.

டொயோட்டாவின் 2எல், 3எல் இரண்டும் டொல்பின் வான்களால் எல்லா ஊரிலும் கிடைக்கும். மெக்கானிக்குக்குக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றத் தெரியும். ஆனால் பெல்ட். மிற்சுபிஷி 4டி56இல் ஒன்றுக்கு இரண்டு பெல்ட். சமநிலைத் தண்டை ஓட்டும் சிறிய பெல்ட் அறுந்து பெரியதில் சிக்கிக்கொண்ட கதைகளை எந்தக் கராஜிலும் கேட்கலாம். 1கேஇசட் டர்போ ஓட்டத்தில் இனிமையானது, சூட்டில் தலை வெடிப்பதில் பேர்போனது. 4ஜேஜே1, 1கேடி போன்ற கொமன் ரெயில் டீசல்கள் காகிதத்தில் எல்லாவற்றையும் வெல்லும். ஆனால் ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் இயங்கும் அவற்றின் இன்ஜெக்டர்களுக்குத் தூய டீசல் வேண்டும், ஈரம் படாத கம்பிகள் வேண்டும், மூளைப் பெட்டி வேண்டும், அந்தப் பெட்டி ஒத்துக்கொள்ளும் திறப்பு வேண்டும். கேனில் கொண்டுபோன டீசலைக் காட்டில் ஊற்றி, ஆற்றில் இறங்கி, மறுநாள் உப்புக் காற்றில் நிறுத்தி வைக்கும் வண்டிக்கு இது பொருந்தாத உறவு.

பழைய பம்ப் வைத்த டீசலின் பெரிய பலம் இங்கேதான். ஸ்டார்ட் ஆன பிறகு அதற்குத் தேவை பம்பின் சொலினொயிட்டுக்குப் போகும் ஒரேயொரு கம்பி. அதையும் நீர் படாமல் உயர்த்திக் கட்டிவிட்டால், காற்று உறிஞ்சும் குழாய் தண்ணீருக்கு மேல் இருக்கும்வரை இஞ்சின் ஓடும்.

குழாய் மூழ்கினால் கதை வேறு. டிடி27இன் ஒரு சிலிண்டர் 666 சிசி. அழுத்த விகிதம் 22க்கு 1 என்று கொண்டால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடம் 32 சிசிதான். இரண்டு மேசைக்கரண்டி நீர். அதற்கு மேல் உள்ளே போனால், நீர் சுருங்காது என்பதால் கனெக்டிங் ரொட் வளையும். பெற்றோல் இஞ்சினில் பெரும்பாலும் அதற்கு முன்பே தீப்பொறி நனைந்து வண்டி அணைந்துவிடும். அது போட்டியைக் கெடுக்கும், இஞ்சினைக் காப்பாற்றும். டீசலுக்கு அந்த இரக்கமில்லை. ஆகவே ஸ்நோர்கலும், மூட்டுக்கு மூட்டு நன்றாக இறுக்கிய ரப்பர்க் குழாயும் இஞ்சின் விலையிலேயே சேர்த்துக் கணக்கிட வேண்டியவை.

காற்று வடிகட்டிக்கும் இந்த மாவட்டத்தில் தனி மரியாதை தர வேண்டும். புல்மோட்டைக் கடற்கரையின் கரிய மணல் இல்மனைட், ரூட்டைல், சேர்க்கன் கலந்தது. சேர்க்கன் குவார்ட்ஸைவிடக் கடினம். வடிகட்டி ஓரத்தில் ஒரு சிறு இடைவெளி இருந்தாலும் அந்தத் தூள் சிலிண்டர்ச் சுவரை அரத்தால் தேய்த்ததுபோல் தேய்த்துவிடும். புதிதாகப் பூட்டும் இஞ்சினுடன் வந்த வான் வடிகட்டிப் பெட்டியை அப்படியே வைப்பதைவிட, லொறிக்குரிய பெரிய பெட்டியைத் தேடிப் பூட்டுவது நல்லது.

சுசுகிக்குக் கணக்கு வேறு. எஸ்ஜே410இல் வந்த எப்10ஏ 970 சிசி, 45 குதிரைவலு அளவில். அதற்குப் பதிலாக டீசல் போடும் ஆசை அவ்வப்போது சிலருக்கு வரும். அந்தச் சின்ன அச்சுகளுக்கும் பாரத்துக்கும் அது அநியாயம். இந்த வண்டியின் பலமே இலேசாக இருப்பது. அதே குடும்பத்து ஜி13 அல்லது எஸ்கூடோவில் வந்த 1590 சிசி ஜி16 போதும். ஜி வரிசை அலுமினியத்தால் ஆனது, ஆகவே மூக்குக் கனக்காது. ஜி16இல் எட்டு வால்வு வகையும் பதினாறு வால்வு வகையும் உண்டு. உச்ச வலு பதினாறு வால்வில் கூடுதல். சேற்றிலும் கல்லிலும் கீழ்ச்சுற்றில் அமைதியாக இழுப்பதற்கு எட்டு வால்வே இதம். காபரேற்றர் வகையை எடுத்தால் செங்குத்துச் சரிவில் மிதவை அறை சாய்ந்து பெற்றோல் வழிந்து அணையும். இன்ஜெக்ஷன் வகையை, அதன் கம்பித் தொகுதியோடும் மூளைப் பெட்டியோடும் சேர்த்து ஹாப் கட்டாக வாங்குவது சிரமத்தைக் குறைக்கும். இஞ்சின் நீளவாட்டில் பூட்டும் வகையாக இருக்க வேண்டும். ஸ்விப்ட் காரிலிருந்து வரும் ஜி13 குறுக்குவாட்டுக்குரியது, அதன் எண்ணெய்ச் சட்டியும் குழாய்களும் வேறு.

எட்டு சிலிண்டர் பற்றியும் ஒரு வரி: டொயோட்டாவின் 1யூஇசட் 3968 சிசி வி8, உலகெங்கும் இத்தகைய வண்டிகளில் ஏறியிருக்கும் அருமையான இஞ்சின். பணமும் பலமான அச்சுகளும் இருப்பவர் போடட்டும்.

இடம் பொருந்துமா என்பதை நாடா பிடித்து அளந்தே முடிவு செய்ய வேண்டும். 1953இல் வில்லிஸ் கம்பனியே இந்தச் சிக்கலில் மாட்டியது. புதிய இஞ்சின் பழையதைவிட உயரம் என்பதால் போனட்டைத் தூக்கிக் கட்டவேண்டி வந்தது. சிஜே3பி ஜீப்பின் அந்த உயர்ந்த மூக்கு அப்படி வந்ததுதான். மிற்சுபிஷியும் மகிந்திராவும் அதையே தொடர்ந்தன. போனட் உயரத்தைவிட முக்கியம் எண்ணெய்ச் சட்டியின் அமைப்பு. வானில் இருந்து வந்த இஞ்சினின் சட்டி ஆழமான பகுதி முன்பக்கமாக இருந்தால், வண்டி குதிக்கும்போது முன்அச்சு அதில் இடிக்கும். போர் வீல் வண்டியிலிருந்து வந்த அதே இஞ்சினில் சட்டி வேறு மாதிரி. அது கிடைத்தால் சற்றுக் கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை.

கியர் பொக்ஸோடு இணைக்கும் அடாப்டர் தட்டில்தான் லேத்காரரின் கை தெரியும். இஞ்சினின் நடுவும் கியர் பொக்ஸ் தண்டின் நடுவும் ஒன்றாக இருக்க வேண்டும். டயல் கேஜை பிளைவீலில் பூட்டி, தட்டின் உள்வட்டத்தைச் சுற்றிவரச் செய்து பார்த்தால் ஊசி 0.13 மில்லிமீட்டருக்கு மேல் விலகக்கூடாது என்பது பொதுவான அளவு. விலகினால் கிளட்ச் அதிரும், முன் பெயரிங் சில மாதங்களில் கத்தத் தொடங்கும், குற்றம் பாவம் இஞ்சின் மேல் விழும். டீசலில் பிரேக்குக்கு வேண்டிய வெற்றிடம் தானாகக் கிடைக்காது என்பதையும் மறக்கக்கூடாது. ஜப்பானிய டீசல்களில் அந்த வேலையை ஆல்டர்னேற்றரின் பின்னால் உள்ள சிறிய பம்ப் செய்யும். ஆல்டர்னேற்றரைத் தனியாக மாற்றும்போது அதை விட்டுவிட்டால் பிரேக் மரமாகிவிடும். மின் வின்ச் முழுப் பாரத்தில் 400 அம்பியர் வரை உறிஞ்சக்கூடியது. வான் ஆல்டர்னேற்றர் அதற்கு ஈடுகொடுக்காது. பெரியதைப் பூட்ட இடம் இருக்கிறதா என்பதையும் அளக்கும்போதே பார்க்க வேண்டும்.

வாங்கும் இடம் பெரும்பாலும் கொழும்பு பஞ்சிகாவத்தை. திருகோணமலையிலிருந்து ஏ6 பாதை வழியே சுமார் 260 கிலோமீட்டர். பிழையான பாகத்தைத் திருப்பிக் கொடுக்க ஒரு நாள் முழுதும் போகும். ஊரிலேயே பாகம் கிடைக்கும் இஞ்சினுக்கு இதனால் ஒரு மதிப்பெண் கூடுதல். டோக்கியோ சீமெந்துக்கும் பிறீமா மா ஆலைக்கும் வந்துபோகும் லொறிகளால் டீசல் கைவேலை இந்தப் பக்கம் குறைவில்லை. ஆனால் படகிலிருந்து இறக்கிய இஞ்சினை மலிவென்று எடுக்க வேண்டாம். கடல்நீரையே நேராக உள்ளே சுற்றவிட்டுக் குளிர்த்தியதாக இருந்தால், நீர்ப்பாதைகள் உள்ளுக்குள் உப்பில் கரைந்திருக்கும். வெளிப்பூச்சு அதைக் காட்டாது.

கடையில் இஞ்சினை நிலத்தில் வைத்து, பட்டரி கொடுத்து, ஒரு போத்தல் டீசலைத் தலைகீழாகப் பிடித்து ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவார்கள். அதற்கு முன் பிளொக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக இருந்தால் ஏற்கெனவே ஒருமுறை ஓட்டிச் சூடாக்கியிருக்கிறார்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் தேய்ந்த இஞ்சின் உண்மையைச் சொல்லும். ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறந்து துளையின் மேல் தளர்வாக வையுங்கள். மூடி இலேசாக ஆடினால் பரவாயில்லை, துள்ளி விழுந்தால் ரிங் போயிருக்கிறது. மூடியின் அடியில் பால் கலந்த தேநீர் நிறம் கண்டால் எண்ணெயில் நீர் சேர்ந்திருக்கிறது. நான்கு சிலிண்டருக்கும் கொம்ப்ரஷன் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்கலாம்: இந்த வகை டீசலில் 25 முதல் 30 பார் வரை, அதைவிட முக்கியமாக நான்கும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்க வேண்டும்.

கடைசியாகக் காகித வேலை. வாகனப் புத்தகத்தில் இஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் உண்டு. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்த வேண்டும். பெற்றோல் வண்டி டீசலானால் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரமும் அதற்கேற்ப மாறும், புகைப் பரிசோதனையும் டீசல் முறைப்படி நடக்கும். போட்டித் திடலுக்கு லொறியில் ஏற்றிச் செல்லும் வண்டிக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைப்பவர், விற்கும் நாளில் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைவார்.

லாண்ட் ரோவர் அல்லது வில்லிஸ் வகை வண்டியில் சேறும் காடும் ஓடுவதானால் போர் வீல் சட்டியோடு வரும் டிடி27, அது கிடைக்காவிட்டால் கியர் டைமிங் உள்ள 4ஜேபி1. சுசுகி என்றால் இன்ஜெக்ஷனோடு எட்டு வால்வு ஜி16. மணலே பெரிதென்றால் இலேசான ஜி13. சுப்பர் குரொஸ் தடத்துக்கு ஆசைப்படுபவர் இந்த டீசல்களை விட்டுவிட்டு அந்தந்த வகுப்பின் விதிப்படி ஒரு பெற்றோல் இஞ்சினைத் தேடட்டும். எதை எடுத்தாலும் இஞ்சின் இலக்கத்தை எழுதி முத்திரையிட்ட பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், அது எவ்வளவு இனிமையாக ஓடினாலும் அந்தக் கடையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.